காற்றுக்குள் எழும் அலைகள்

மார்கழி விடியற்காலையில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அடுப்புப் புகை நேரே மேலெழும்பிப் போவதில்லை. சற்று உயர்ந்ததும் தடைப்பட்டு, வெண்துப்பட்டி விரித்தாற்போல் பரவி நிற்கும். இரவில் தரை குளிர, அதைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. அதன்மேல் சற்றே வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. காற்றிலும் அடுக்குகள் உண்டென்பதற்கு இப்புகையே சாட்சி.

ஆனால் புகை எட்டாத உயரத்தில் நடப்பதை அறிவது எவ்வாறு? இதற்கென்றே திருப்பதிக்கு அருகில் காதங்கி என்னும் ஊரில், 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டார் ஒரு பெரிய ரேடாரை நிறுவினர். வயலில் நாற்று நட்டதுபோல் அங்கே 1,024 ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. அவை வானத்தை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. 15 கிலோமீட்டர் உயரம் சென்று திரும்ப அவ்வலைக்கு ஆகும் நேரம், வினாடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கே!

மேகமற்ற வானத்தில் எதில் பட்டு அது திரும்புகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். காற்றின் வெப்பமும் ஈரமும் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாடுகளே அலையில் அணுவளவைத் திருப்பியனுப்புகின்றன. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஓங்கியும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பதுபோல, திரும்பிய அலையின் மாறுதலைக் கொண்டு காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கணித்துவிடுகிறார்கள்.

இவ்வாறு அறிந்த விந்தைகளுள் ஒன்று காற்றலை. இடிமேகம் ஒன்று வேகமாய் மேலே முட்டும்போது, அங்குள்ள காற்றடுக்கு உயர்கிறது, பின் தாழ்கிறது, மறுபடியும் உயர்கிறது. ஏரியில் கல்லெறிந்தாற்போல் இவ்வலைகள் பரவி மேலே செல்கின்றன. உயரத்தில் கடலலைபோல் உடைந்து, தம் வேகத்தை அங்குள்ள காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன. தெளிந்த வானில் ஆகாய விமானம் திடீரெனக் குலுங்குவதற்கு இத்தகைய அலைகளும் ஒரு காரணம்.

இதற்கு நம் நாட்டிலேயே ரேடார் எதற்கு? மேகங்கள் வளரும் காற்று மண்டலத்தின் கூரை, ஐரோப்பாவில் சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்கோ 16, 17 கிலோமீட்டர். ஆகவே அவர்கள் வானத்தை அளந்த கணக்கை நம் வானத்துக்கு அப்படியே இரவல் வாங்க இயலாது. ஐப்பசி மழையை நம்பி ஏரியைக் காத்திருக்கும் ஊர்களுக்கு ரேடார் மழை தராது. ஆயினும் மழை பிறக்கும் வீட்டின் உயரத்தையும் அதன் மாடிகளையும் அறியாமல், அதன் வருகையைச் செவ்வனே முன்னறிவது எங்ஙனம்?