கடைசி தேதியில் திறக்காத ஆப்: கோளாறு எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது, எதைச் செய்யவே கூடாது?

மாதத்தின் 20-ஆம் தேதி மாலை. ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டன் தயார், வரிப் பணமும் கட்டியாகிவிட்டது. டிஜிட்டல் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சரியாக அந்த நேரத்தில், கையெழுத்துப் போட உதவும் மென்பொருள் திறக்காது. அக்கவுன்ட்ஸ் டீமிலிருந்து "சார், ஓப்பன் ஆகமாட்டேங்குது" என்று மெசேஜ் வரும்.

இந்தியா முழுக்கச் சிறு, நடுத்தர அலுவலகங்களுக்குப் பழகிப்போன காட்சி இது. தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம். வரி எதுவும் இல்லாத ரிட்டன் என்றால் 20 ரூபாய். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. ஒரு நாள் தாமதத்துக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால், அந்தப் பதற்றத்தில் கிடைத்த ஃபைலை டவுன்லோட் செய்வதும், முகம் தெரியாத ஒருவருக்குக் கணினியைத் திறந்து விடுவதும்தான் பெரிய செலவு வைக்கும்.

இந்த ஆப்கள் ஏன் திடீரென்று நின்றுபோகின்றன? எங்கே தேட வேண்டும்? இதில் பயனரின் பொறுப்பு எவ்வளவு, அரசுத் தளங்களின் பொறுப்பு எவ்வளவு?

வெப்சைட்டில் நடக்கும் வேலைக்குக் கணினியில் எதற்குத் தனி ஆப்?

ஜிஎஸ்டி ரிட்டனில் கையெழுத்திட, கம்பெனிகளும் எல்எல்பி-களும் டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் சிக்னேச்சர் சான்றிதழைப் பயன்படுத்த வேண்டும். பென் டிரைவ் போல இருக்கும் யுஎஸ்பி டோக்கனுக்குள் அது இருக்கும். அதிலுள்ள ரகசியச் சாவி டோக்கனை விட்டு வெளியே வராது. கையெழுத்து டோக்கனுக்குள்ளேயே நடந்து, அதன் முடிவு மட்டும் வெளியே வரும். பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், பிரவுசரால் அந்த டோக்கனோடு நேரடியாகப் பேச முடியாது. ஒரு காலத்தில் ஜாவா ஆப்லெட் அந்த வேலையைச் செய்தது. அத்தகைய பிளக்-இன்களுக்கான வசதியைக் குரோம் 2015-லும், ஃபயர்பாக்ஸ் 2017-லும் பாதுகாப்புக் காரணங்களுக்காக நீக்கின. அதன் இடத்தைப் பிடித்தவை எம்சைனர் போன்ற சிறு டெஸ்க்டாப் மென்பொருள்கள். இவை கணினியின் பின்னணியில் ஓடும். வெப்சைட் இவற்றைக் கூப்பிடும், இவை டோக்கனைக் கூப்பிடும்.

ஆக, ஒரு கையெழுத்துக்குப் பின்னால் வெப்சைட், பிரவுசர், பின்னணி ஆப், டோக்கன் டிரைவர், விண்டோஸ் என ஐந்து அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தயாரிப்பவர் வேறு. அப்டேட் செய்யும் தேதியும் வேறு. ஐந்தில் ஒன்று மாறினாலும் ஸ்கிரீனில் தெரிவது என்னவோ "கனெக்ஷன் ஃபெயில்டு" என்ற ஒற்றை வரிதான்.

நேற்று வரைக்கும் ஓடுச்சே, இன்னைக்கு என்ன ஆச்சு?

பெரும்பாலும் ஆப் கெட்டுப்போயிருக்காது. அது நிற்கும் தரை நகர்ந்திருக்கும். சில உதாரணங்கள்:

பிரவுசர்: ஒரு வெப்சைட் உங்கள் கணினிக்குள் ஓடும் மென்பொருளையோ உள்ளூர் நெட்வொர்க்கையோ தொடர்புகொள்ள முயன்றால் பயனரிடம் அனுமதி கேட்கும் முறை, 2025 அக்டோபரில் வெளியான குரோம் 142-லிருந்து நடைமுறைக்கு வரத் தொடங்கியது. இது நல்ல பாதுகாப்பு. ஆனால், நோட்டிஃபிகேஷன் கேட்டால் 'பிளாக்' அழுத்திப் பழகிய கை இங்கேயும் அழுத்திவிட்டால், வெப்சைட்டுக்கும் பின்னணி ஆப்புக்கும் இடையிலான பாதை அடைபடலாம். முகவரிக்குப் பக்கத்திலுள்ள ஐகானை அழுத்தி, அந்தத் தளத்துக்கான அனுமதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. தனியாகப் பதிவு செய்த வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும் என்பதால் பல பழைய கணினிகள் மேலே போக முடியாது. விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அங்கே புதிய ஆப் ஓடவில்லை என்றால், எத்தனை முறை ரீ-இன்ஸ்டால் செய்தும் பயன் இருக்காது.

புது லேப்டாப்: ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகை பிராசஸர் கொண்ட விண்டோஸ் லேப்டாப்களில் பழைய ஆப்கள் பெரும்பாலும் ஓடிவிடும், ஏனெனில் விண்டோஸ் அவற்றுக்காக ஒரு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறது. டிரைவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆர்ம்-க்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். "ஆப் திறக்குது, ஆனா டோக்கனைக் கண்டுபிடிக்கல" என்றால் இதையும் சந்தேகப்படலாம். லேப்டாப் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

எரர் மெசேஜ் உண்மையில் என்ன சொல்கிறது?

எரரை முழுதாகப் படிக்காமல் 'ஓகே' அழுத்திவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆனால், பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

"டிஎல்எல் ஃபைல் இல்லை": விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 போன்ற பெயர்கள் வந்தால், அது அந்த ஆப்பின் ஃபைல் அல்ல. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு கணினியில் இல்லை என்று அர்த்தம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 64-பிட் விண்டோஸாக இருந்தாலும், ஆப் 32-பிட் என்றால் அதற்கு 32-பிட் தொகுப்புதான் வேண்டும். அதனால் இரண்டையும் போட்டுவிடுவது நல்லது.

"டாட்நெட் 3.5 தேவை": பழைய ஆப்களில் வரும். விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலில் இதை ஆன் செய்தால் போதும். வெளியிலிருந்து தேடி எடுக்க வேண்டாம்.

"இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது": ஆப் வேறு வகைக் கணினிக்கானது, அல்லது டவுன்லோட் பாதியில் அறுந்திருக்கிறது. ஃபைலின் அளவைப் பார்த்து, மீண்டும் இறக்கிப் பாருங்கள்.

எரர் 1618: வேறொரு இன்ஸ்டாலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும். காத்திருங்கள் அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எரர் 1603: 'ஏதோ தவறு' என்பதற்கு மேல் இது எதுவும் சொல்லாது. ஃபோல்டர் அனுமதி இல்லாதது, பழைய பதிப்பின் மிச்சங்கள் போன்றவை வழக்கமான காரணங்கள்.

"மேக்ரோ தடுக்கப்பட்டது": வருமான வரித் துறையின் எக்செல் யூட்டிலிட்டியைத் திறப்பவர்கள் பார்ப்பது. இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோ ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2022-லிருந்து இயல்பாகவே தடுக்கிறது. ஃபைல் துறையின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்துதான் வந்தது என்று உறுதியானால் மட்டும், ஜிப் ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' டிக் செய்துவிட்டு, அதன் பிறகு விரித்தெடுங்கள். ஜிப்புக்குள் இருக்கும்போதே திறந்தால் சரியாக வேலை செய்யாது.

எந்த வரிசையில் பார்ப்பது?

ஐடி ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே செய்யக்கூடியவை இவை. வரிசை முக்கியம். எளிதானதும் எதையும் கெடுக்காததும் முதலில்.

1. எரரை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கடைசியாக எப்போது ஓடியது, அதன் பிறகு என்ன மாறியது என்று யோசியுங்கள். விண்டோஸ் அப்டேட், பிரவுசர் அப்டேட், புது ஆன்டிவைரஸ், புதுப்பித்த டிஎஸ்சி என எதுவும் இருக்கலாம்.

2. கணினியின் தேதி, நேரம் சரியா பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். சான்றிதழ் சார்ந்த எதுவும் வேலை செய்யாது. டிஎஸ்சி-யின் காலாவதி தேதியையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

3. ஆப் உண்மையிலேயே திறக்கவில்லையா, அல்லது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா? கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள சின்ன ஐகான்களிலும் டாஸ்க் மேனேஜரிலும் தேடுங்கள். அங்கே இருந்தால் முழுதாக மூடிவிட்டு, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' முறையில் ஒரே ஒருமுறை திறங்கள்.

4. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால், நாள்வாரியாக எந்த ஆப் எப்போது விழுந்தது என்ற பட்டியல் வரும். சிவப்புக் குறியை அழுத்தினால், விழக் காரணமான ஃபைலின் பெயரும் பல நேரங்களில் இருக்கும். அந்தப் பெயர் ஐடி ஆளின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

5. இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் பழையதை அன்-இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, புதிதாகப் போடுங்கள். பழையதன் மேலேயே போடுவதைத் தவிருங்கள்.

அலுவலக லேப்டாப் என்றால் ஒரு விதிவிலக்கு. அங்கே இன்ஸ்டால் ஆகாததற்கு நிறுவனத்தின் கட்டுப்பாடே காரணமாக இருக்கலாம். குறுக்கு வழி தேடாமல் ஸ்கிரீன்ஷாட்டோடு டிக்கெட் போடுவதே சரி.

எதைச் செய்யவே கூடாது?

முதலாவது, விடுபட்ட டிஎல்எல்-ஐத் தனியாகத் தரும் தளங்கள். அந்த ஃபைலை மாற்றியது யார் என்று தெரிய வழியில்லை. தனி ஃபைலாக யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

இரண்டாவது, 'விண்டோஸ் + ஆர் அழுத்தி இந்த வரியை பேஸ்ட் செய்யுங்கள், எரர் சரியாகிவிடும்' என்று சொல்லும் பக்கங்கள். கிளிக்ஃபிக்ஸ் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் அழைக்கும் இந்த மோசடி 2024-லிருந்து உலகெங்கும் பரவியிருக்கிறது. போலி எரரைக் காட்டி, போலித் தீர்வைக் கொடுத்து, வைரஸை உங்கள் கையாலேயே ஓட வைப்பார்கள். பயனரே செய்வதால் பல பாதுகாப்புகளைத் தாண்டிவிடுகிறது.

மூன்றாவது, 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க' என்ற அறிவுரை. ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதியைப் பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர் அங்கே இல்லையென்றால், ஆன்டிவைரஸ் சொல்வதைக் கேட்பதே மேல்.

நான்காவதுதான் மிக முக்கியம்: தேடலில் கிடைத்த 'ஹெல்ப்லைன்' எண்ணுக்கு அழைத்து, எனிடெஸ்க் போன்ற ரிமோட் ஆப் வழியாக முன்பின் தெரியாதவரைக் கணினிக்குள் விடுவது. இந்த வகை மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. டோக்கன் செருகியபடி இருந்து, பின் நம்பரையும் நீங்கள் சொல்லிவிட்டால், கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்குச் சமம். நம்பிக்கையான ஆளே ரிமோட்டில் வந்தாலும், டோக்கனைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சோதிக்கும் நேரத்தில் மட்டும் செருகி, பின் நம்பரை நீங்களே டைப் செய்யுங்கள்.

ஏமாந்துவிட்டால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம். டிஎஸ்சி வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி அதை ரத்து செய்வதும் அதே அளவு அவசரம்.

அப்போ யார் பொறுப்பு?

சட்டம் தெளிவாக இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 5-ஆம் பிரிவு மின்னணுக் கையெழுத்துக்கு, பேனாவால் போடும் கையெழுத்துக்குரிய அங்கீகாரத்தைத் தருகிறது. 42-ஆம் பிரிவு, ரகசியச் சாவியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுப்பது சான்றிதழ் வைத்திருப்பவரின் கடமை என்கிறது. 'ஆபீஸ் பையன்கிட்ட கொடுத்திருந்தேன்' என்று சொல்லித் தப்பிப்பது கடினம். இயக்குநர்களின் டோக்கன்களை எல்லாம் ஒரே டிராயரில், பின் நம்பரை ஒட்டி வைக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால், பொறுப்பு ஒரு பக்கம் மட்டும் இருக்க முடியாது. கையெழுத்து வேண்டும் என்பதை விதி ஆக்கியது அரசு. அதற்கான ஐந்து அடுக்குகளும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலை மட்டும் பயனரின் தலையில் விழுகிறது. தனிநபர் நிறுவனம் நடத்துபவர் ஜிஎஸ்டி-யில் ஓடிபி மூலமே ரிட்டனை முடித்துவிடலாம். கம்பெனிக்கு அந்த மாற்று வழி இல்லை. கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், கம்பெனிகளுக்கும் ஓடிபி வழி தாக்கல் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டது. தொழில்நுட்ப ரீதியாக மாற்று வழி சாத்தியம் என்பதற்கு அதுவே சான்று. கடைசி நேரத்தில் மென்பொருள் கைவிட்டால் என்ன செய்வது என்பதற்கு நிலையான ஒரு இரண்டாவது வழியைக் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

அது வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. 20-ஆம் தேதி மாலை அல்ல, 10-ஆம் தேதி வாக்கிலேயே டோக்கனைச் செருகி, ஆப்பைத் திறந்து, தளத்தில் டிஎஸ்சி தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. கோளாறு இருந்தால், அதைப் பதறாமல் சரிசெய்யப் பத்து நாள் கையில் இருக்கும்.