தீவகத்தின் காவலும் பல்கலைக்கழகத்தின் கடனும்

தகவற் பாதுகாப்பு என்பது கணினி கற்போருள்ளும் ஒரு சிலர்க்கே உரிய தொழில்நுணுக்கம் என்னும் எண்ணம் கற்றோரிடையே வேரூன்றியுள்ளது. ஏனைய மாணவர் அதனை அறியவேண்டியதில்லை. தேவை நேரின் வல்லுநரை அழைக்கலாம். கருவிகளை விலைக்கு வாங்கலாம் என்பதே அவ்வெண்ணத்தின் சாரம். இது தவறானது, ஆபத்தானதுங்கூட. இதனை நிறுவுதற்குத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தீவகமே போதிய சான்றாகும்.

டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்தவை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகள். காற்று, சூரிய ஒளி, மின்கலம் என்பவற்றை இணைத்து அவற்றுக்கு மின்வழங்கும் திட்டம் 2021 சனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு அளிக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்படுவதாக அவ்வாண்டு டிசெம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. இந்திய நன்கொடையில் அத்திட்டத்தை நிறைவேற்றும் உடன்படிக்கை 2022 மார்ச்சிலும், நிர்மாண ஒப்பந்தம் 2024 மார்ச்சிலும் கைச்சாத்தாயின.

பெய்ஜிங்கிலும் புதுடில்லியிலும் கொழும்பிலும் பேசப்பட்டது அரசுகளின் பாதுகாப்பு. அம்மின்சாரத்தில் விளக்கேற்றுவோரின் பாதுகாப்பு வேறொரு வினா. காற்றும் வெயிலும் கணந்தோறும் மாறுவன. அவற்றை மின்கலத்தோடும் டீசற் பொறியோடும் சமன்செய்வது கணினிக் கட்டுப்பாடு. அக்கட்டுப்பாடு வலையமைப்பொன்றின் வழி இயங்குமாயின், அவ்வலையமைப்பினுட் புகுபவன் தீவை இருளில் ஆழ்த்தலாம். இது வெறுங் கற்பனையன்று. 2015 டிசெம்பரில் உக்ரேனிற் புகுந்தோர், ஏமாற்று மின்னஞ்சல் வழியாகப் பல மாதங்களுக்கு முன்னரே காலூன்றி, திருடிய கடவுச்சொற்களைக் கொண்டு ஏறக்குறைய 2,25,000 நுகர்வோரின் மின்சாரத்தைத் துண்டித்தனர். ஊழியர்கள் துணைமின்நிலையங்களுக்கு விரைந்து ஆளிகளைக் கையால் இயக்கியே சில மணிநேரத்தில் அதனை மீட்டனர்.

நெடுந்தீவில் இவ்வாறு நேரின் விரைந்து வருபவர் யார்? வல்லுநர் குறிகாட்டுவானிற் படகேறிக் கடல் கடக்கவேண்டும். கடல் கொந்தளித்தாற் படகில்லை. 'வல்லுநரை அழைக்கலாம்' என்னும் வாதம் இவ்விடத்து முற்றாக வலுவிழக்கின்றது. அறிந்தவர் தீவிலேயே இருத்தல் வேண்டும். மின்நிலையப் பணியாளர், பிரதேச செயலக எழுதுவினைஞர், வைத்தியசாலைத் தாதியர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர் ஆகியோரே முதற் காவலர். இவர்களையும் இவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியரையும் உருவாக்கும் பொறுப்பில் பெரும்பங்கு பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது.

இவர்கள் கற்கவேண்டிய அடிப்படை கடினமானதன்று. உரியவரன்றிப் பிறர் அறியாதிருத்தல், பதிந்தது பிறழாதிருத்தல், வேண்டியபோது கிடைத்தல் என்னும் மூன்றே தகவற் பாதுகாப்பின் தூண்கள். நோயாளியின் குறிப்பேடு முதலாவதற்கும், காணி உறுதி இரண்டாவதற்கும் சான்று. மூன்றாவதைத் தீவக மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை; படகு ஓடாத நாட்கள் அவர்களுக்கு அதனைக் கற்பித்துள்ளன.

அடிப்படையைப் புறக்கணித்ததன் விலையை இந்நாடு 2023இற் செலுத்தியது. மீட்புப்பணம் கோரும் தீநிரலொன்று அரசாங்க மின்னஞ்சற் சேவையைத் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் ஏறத்தாழ 5,000 கணக்குகளில் அழிந்தன. அக்காலப்பகுதிக்குரிய காப்புப் பிரதி வலையமைப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்டிருக்கவில்லை. பிரதியை வேறிடத்தில் வைத்தல் உயர் கணிதமன்று. ஒரு முகாமையாளன் இட்டிருக்கவேண்டிய கட்டளை. பணங்கொடுத்து வாங்கிய எக்கருவியும் அக்கட்டளையைத் தானாக இடுவதில்லை.

தாக்கும் முறையைக் கற்பித்தாற் கள்வரை வளர்த்தவராவோம் என அஞ்சுவாருளர். ஒரு மறையீட்டு முறை முழுவதும் பகைவன் அறிந்ததாயினும், திறவுகோல் ஒன்று மட்டும் மறைந்திருப்பின் அது காக்கவேண்டும் எனக் கேர்க்கொவ்ஸ் 1883இல் எழுதினார். அறியாமையின் மேற் கட்டிய காவல் நிலைப்பதில்லை என்பதே அதன் பொருள். கள்வன் எவ்வாறாயினும் கற்றுக்கொள்வான், கல்லாதிருப்பவர் காப்போரே. அன்றியும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை இப்பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கும்போது, எல்லை எது என்பதும் மாணவர்க்குத் தெளிவாகும்.

ஆங்கிலத்திலன்றி இதனைக் கற்பிக்கவியலாது என்பது பிறிதொரு வாதம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். உடற்கூற்றைத் தாங்கிய மொழி கடவுச்சொல்லைத் தாங்காதோ? நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் ஈண்டு நோக்கற்பாலது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்படவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தாற் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச்சரக்குக் கலமாயின் சரிபாதி. சிங்கள மன்னனொருவன் இவ்விதியைத் தமிழிற் பொறித்தமைக்கு, அத்துறையில் வணிகஞ் செய்வோர் அறியும் மொழி அதுவாயிருந்தமையன்றி வேறு காரணம் கூறல் அரிது. இழப்பு நேருமுன்னரே பொறுப்பைப் பகிர்ந்து, அதனை உரியவர் அறியும் மொழியில் வெளிப்படையாக வைத்தல் இன்றும் பாதுகாப்பின் அடிப்படை. இவ்வகையில் இக்கல்வி சட்டம், முகாமைத்துவம், வரலாறு பயில்வோர்க்கும் உரியதாகின்றது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை உண்டு. கிளிநொச்சியிற் பொறியியற் பீடம் உண்டு. இக்கல்வி அவற்றின் எல்லைக்குள் நின்றுவிடலாகாது. எல்லாப் பீடங்களின் முதலாண்டிலும் தகவற் பாதுகாப்பின் அடிப்படை கட்டாய பாடமாதல் வேண்டும். அதற்குரிய தமிழ் நூல்களை விரிவுரையாளர் ஆக்குதல் வேண்டும். உரிய அனுமதியோடு மாணவர் தீவக அலுவலகங்களுக்குச் சென்று, எது பூட்டப்பட்டுள்ளது, எது திறந்துகிடக்கின்றது, பிரதி எங்குள்ளது, மின் தடைப்படின் யார் என்ன செய்வர் என ஆராய்ந்து அவர்களிடமே அறிக்கை கையளித்தல் வேண்டும். நிறுவனங்கள் விற்கும் சான்றிதழ்கள் இதற்கு ஈடாகா. அவை கற்பிக்கும் கருவி சில ஆண்டுகளில் வழக்கொழியும். தீவுகளின் பாதுகாப்பைப் பற்றிப் பிற தலைநகரங்கள் பேசி முடித்துவிட்டன. அத்தீவுகளுக்கு மிக அண்மையிலுள்ள பல்கலைக்கழகம் இனியும் வாளாவிருத்தல் தகாது.