இந்த வரைபடம் எந்தத் தேதியது?



சொந்தமாக ஒரு மனை வாங்குவது என்று முடிவாகிவிட்டால் நம் வீடுகளில் என்னவெல்லாம் நடக்கும்? தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்குவோம். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, அப்ரூவல் உண்டா, போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று நாலு பேரிடம் விசாரிப்போம். வக்கீலிடம் கொடுத்து ஒப்பீனியனும் வாங்கிவிடுவோம்.

இவ்வளவும் செய்த குடும்பங்கள்தான் முதல் பெருமழையிலேயே கூடத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கின்றன. பத்திரத்தில் குறை இல்லை. பட்டாவும் சரி. மழைநீர் வந்து போகும் வழியில் அந்த மனை இருக்கிறது என்பதை மட்டும் எந்தக் காகிதமும் சொல்லவில்லை.

அந்த விவரம் அரசாங்கத்திடம் இல்லையா? பெரும்பாலும் இருக்கிறது. புலப்படம் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. ஏரி, வாய்க்கால் கணக்கு நீர்வளத் துறையிடம். காட்டு எல்லை வனத்துறையிடம். உயரழுத்தக் கம்பி போகும் பாதை மின்வாரியத்திடம். நாளைக்கு எந்தச் சாலை அகலமாகப் போகிறது என்பது மாஸ்டர் பிளானில். கடலோரம் என்றால் அதற்குத் தனி வரைபடம். ஒரே மனையைப் பற்றி ஆறு அலுவலகங்களில் ஆறு வரைபடங்கள்!

ஆனால் எது எங்கே இருக்கிறது, எப்போது எடுத்தது, யாரைக் கேட்டால் கிடைக்கும் என்று ஒரே இடத்தில் சொல்லும் பட்டியல் இருந்தால்தானே அவை நமக்குப் பயன்படும்? புவியியல் தரவுகளுக்கான பொது கேட்டலாக் என்று துறைக்காரர்கள் சொல்வது அதைத்தான். கேட்க அலுவலக விஷயம் போலத் தோன்றும். நம் வீட்டு வாசல் வரை வருகிற விஷயம் என்பதால்தான் இந்த மாதம் இதைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். வருவாய்க் கணக்கில் அதற்கு ஒரு புல எண் உண்டு. 'ஏரி புறம்போக்கு' என்று எழுதியிருக்கும். அதற்கு ஓர் எல்லைக்கோடு. நீர்வளத் துறை பார்ப்பது முழு நீர்மட்டத்தை. கலங்கு வழிகிற அளவுக்குத் தண்ணீர் நின்றால் அது எதுவரை பரவும் என்பது இரண்டாவது கோடு. செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைந்தவர் போட்டது மூன்றாவது கோடு. அவர் கையில் கிடைத்தது மே மாதத்துப் படம் என்றால் ஏரி பாதியாகச் சுருங்கியிருக்கும். டிசம்பர் படம் என்றால் நிறைந்திருக்கும்.

மூன்று கோடுகளும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகப் போடப்பட்டது. ஆனால் எந்தக் கோடு எதற்கு, எந்த மாதத்துப் படம் என்ற குறிப்பு இல்லாமல் மூன்றில் ஒன்று மட்டும் நம் கைக்கு வந்தால் என்ன ஆகும்? மே மாதத்துக் கோட்டை நம்பி ஒருவர் அஸ்திவாரம் போட்டுவிடுவார்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 14,000 நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. மற்றவற்றில் பெரும்பாலானவை ஊராட்சிகளையும் ஒன்றியங்களையும் சார்ந்தவை. பொறுப்பே இப்படிப் பிரிந்து கிடக்கும்போது, யாரிடம் எது இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் எவ்வளவு அவசியம்!

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பாருங்கள். 2022-ல் அது ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பின்படி பரப்பு 1,247.54 ஹெக்டேர். அங்கே காப்புக் காடு என்று வனத்துறை வைத்திருக்கும் எல்லை வேறு, அதைவிடச் சிறியது. காப்புக் காட்டு எல்லையை மட்டும் பார்த்தவருக்கு 'நம் இடம் வெளியேதான் இருக்கிறது' என்று தோன்றும். ராம்சர் எல்லையைப் பார்த்தவருக்குத்தான் மீதிக் கதை தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த ஆணைப்படி வந்தது என்று சொல்லிவிட்டால், அந்த வட்டாரத்தில் ஃபிளாட் தேடுகிற குடும்பத்துக்கு எவ்வளவு நிம்மதி!

கடையில் மாத்திரை அட்டை வாங்கினால் முதலில் எதைப் பார்க்கிறோம்? பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி. அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் குழந்தைக்குக் கொடுக்க மாட்டோம். வரைபடத்துக்கும் அதே போன்ற குறிப்பு வேண்டும். அதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எந்த அளவுகோலில் வரைந்தது, எவ்வளவு துல்லியம், உயரத்தையும் இடத்தையும் எதை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டது, யார் எதற்குப் பயன்படுத்தலாம், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது... அவ்வளவுதான். அரைப் பக்கத்தில் அடங்கிவிடும்.

அந்த அரைப் பக்கத்தை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பாலம் சாட்சி. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே, ரைன் ஆற்றின் மேல், லாஃபன்பர்க் என்ற ஊரில் பாலம் கட்டினார்கள். ஜெர்மனி தன் உயரக் கணக்கை ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்திலிருந்து தொடங்குகிறது. சுவிட்சர்லாந்து மார்செய் துறைமுகக் கடல்மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் 27 செ.மீ. வித்தியாசம். பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கணக்கில் சரிசெய்யும்போது கூட்டல் கழித்தலாகிவிட்டது. 2003-ல் கண்டுபிடித்தபோது வித்தியாசம் 54 செ.மீ. ஆகியிருந்தது. வித்தியாசம் இருப்பது தெரிந்தால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பதையும் அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் இதில் பாடம்.

நம் ஊருக்கும் இந்தப் பாடம் புதிதில்லை. 1802-ல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். இந்தியாவையே முக்கோணங்களாக அளந்த மாபெரும் பணி அங்கேதான் தொடங்கியது. இரும்புச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடவே வெப்பமானிகளையும் வைத்து, அளவோடு வெப்பத்தையும் சேர்த்துக் குறித்தார்கள். அந்தக் குறிப்பு இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் அளவை நம்பவும் சரிபார்க்கவும் முடிந்தது.

இதில் நம் வீட்டுப் பாடு என்ன என்று கேட்கிறீர்களா? கிராமமாக இருந்த இடம் நகராட்சியோடு சேர்ந்ததும் நகர நில அளவை நடக்கும். பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். அளவைக்குப் பிறகு வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று புதிய அடையாளம் வந்துவிடும். வீட்டுக் கடனுக்குப் போனால் 'இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள்' என்பார் மேனேஜர். ஓய்வுபெற்ற அப்பா தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக நடப்பார். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஏதோ ஒரு பீரோவில் இருக்கத்தான் செய்யும். அது பொதுப் பட்டியலில் ஏறியிருந்தால் அந்த நடை மிச்சம்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. தேசிய அளவில் இடம்சார் தரவுகளைப் பகிர்வதற்கான கட்டமைப்பை 2006-ல் மத்திய அரசு ஏற்படுத்தியது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிப்பதில் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தின. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கை வந்தது. நம் மாநிலத்தில் மின் ஆளுமை முகமை டிஎன்ஜிஐஎஸ் எனும் புவியியல் தகவல் அமைப்பின் மூலம் பல துறைகளின் வரைபடங்களை ஒன்றுசேர்க்கிறது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் இதே போன்ற அமைப்புகள் உண்டு. இந்த உழைப்பை மனமார வரவேற்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் 'இன்ஸ்பயர்' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. நில எல்லை, நீர்நிலை, போக்குவரத்து, மண், கட்டடம் என்று 34 தலைப்புகள். எந்த நாடும் தன் தரவை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அது உரியவரிடமே இருக்கும். ஆனால் 'என்னிடம் இது இருக்கிறது, இந்தத் தேதியது' என்ற குறிப்பை ஒரே முறையில் எழுதி வெளியிட வேண்டும். பொதுப் பட்டியல் அந்தக் குறிப்புகளைத் திரட்டிக் காட்டும். ஆறுகள் நாட்டு எல்லைகளில் நிற்பதில்லையே!

நமக்கும் அதே நிலைதான். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாற்றில் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள் தண்ணீரைப் பார்க்கின்றன. தென்பெண்ணை கர்நாடகத்தில் பிறந்து வருகிறது. ஒரு மாநிலத்தின் பட்டியல் அந்த மாநிலத்து எல்லைக்கல்லோடு முடிந்துவிட்டால், கரையோரக் குடும்பத்துக்குப் பாதி விவரம்தான் கிடைக்கும். அண்டை மாநிலங்களின் பட்டியல்கள் ஒன்றையொன்று படிக்க முடிய வேண்டும். அதற்காகத்தான் உலகம் முழுக்க ஒரே விதமாகக் குறிப்பு எழுத ஐ.எஸ்.ஓ. 19115 என்ற தர நிர்ணயம் இருக்கிறது.

மென்பொருள் செலவா? ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பில் தொடங்கிய ஜியோநெட்வொர்க் போன்ற கேட்டலாக் மென்பொருள்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியலைத் தொடங்குவதற்கு விழா எடுக்கலாம். அதை நாள்தோறும் நடத்துவதற்கு ஆள் வேண்டும்.

திட்டம் முடிந்ததும் ஒப்பந்த ஊழியர்கள் கிளம்பிவிடுவார்கள். வரைபடத்தைப் போட்ட அதிகாரிக்கு டிரான்ஸ்ஃபர் வரும். தொடர்புக்கு என்று கொடுத்த எண்ணில் கூப்பிட்டால் 'அவர் ரிட்டையர் ஆகிவிட்டார்' என்பார்கள். புதிய சாலை வந்து, புதிய காலனி முளைத்து, பட்டியலில் மட்டும் பழைய படமே நிற்கும். எனவே ஒவ்வொரு தரவுக்கும் ஒரு பதவியின் பெயரில் பொறுப்பு வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவருக்கு நிரந்தரப் பணியிடமும் சம்பளமும் வேண்டும். கூடுதல் பொறுப்பாக யார் தலையிலாவது கட்டினால் அது நடக்குமா, சொல்லுங்கள்.

துறைகளுக்குச் சில தயக்கங்கள் உண்டு என்பதும் புரிகிறது. 'பட்டியலில் போட்டால் எங்கள் வரைபடத்தில் இருக்கும் தவறு வெளியே தெரிந்துவிடுமே' என்ற கூச்சம் ஒன்று. தவறு தெரிந்தால்தானே திருத்த முடியும்? 'எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டிவிட முடியுமா' என்பது இன்னொன்று. நியாயமான கேள்வி. பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை, தனிநபர் விவரங்கள் எல்லாம் பூட்டியே இருக்கட்டும். 'இப்படி ஒன்று இருக்கிறது, இன்ன அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும்' என்று ஒரு வரி போடுவதில் எந்த ஆபத்தும் இல்லை.

திருத்தும் வழி இல்லாத பதிவேடு குடும்பங்களை எப்படி அலைக்கழிக்கும் என்பதை நாம் அறிவோம். 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். எனும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1987-ல் முடிந்தது. பெரிய வேலை; தேவையான வேலை. ஆனால் அப்போது விழுந்த எழுத்துப் பிழைக்காகவும், மாறிப்போன உட்பிரிவு எண்ணுக்காகவும் இன்றும் பேரப்பிள்ளைகள் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பொதுப் பட்டியலில் ஒவ்வொரு வரைபடத்தின் அருகிலும் பிழையைத் தெரிவிக்க ஒரு வழி இருக்கட்டும். தெரிவித்தவருக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்ற உறுதியும் இருக்கட்டும்.

மக்களிடமும் தரவு இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சென்னைவாசிகளே ஓபன்ஸ்ட்ரீட்மேப் எனும் திறந்த வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட வரைபடத்தில் குறித்தார்கள். நம் தெருவில் எந்தப் படிக்கட்டு வரை தண்ணீர் வந்தது என்று நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? தேதியோடும் இடத்தோடும் எழுதப்பட்டு, அதற்கென்று ஒரு பட்டியலில் ஏறினால், அதுவும் அடுத்த தலைமுறைக்கு உதவும் ஆவணம்தான்.

இந்தப் பட்டியலுக்காகக் குரல் கொடுக்க நாம் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) படித்திருக்க வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும். மனை பார்க்கப் போகும்போது லே-அவுட் படத்தோடு நின்றுவிடாதீர்கள். அருகில் இருக்கும் நீர்நிலையின் எல்லை எந்தத் துறையின் வரைபடத்தில், எந்த ஆண்டுக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள் உங்கள் வார்டின் மழைநீர் வடிகால் வரைபடம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று மாநகராட்சிக்கு ஒரு கடிதம் போடுங்கள். கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்களின் கள ஆய்வு வரைபடங்களை அலமாரியில் வைத்துவிடாமல், யார், எப்போது, எப்படி எடுத்தது என்ற குறிப்போடு மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுங்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தையொட்டி கிராம சபை கூடும். உங்கள் ஊர் ஏரிக்கு எத்தனை வரைபடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தத் தேதியது, யார் பொறுப்பு என்று மூன்றே கேள்விகளை அன்று எழுப்புங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையே எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பக்கத்தின் நகலை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள். ஊர்ப் பெயரோடு இந்த இதழில் வெளியிடுகிறோம். சம்பந்தப்பட்ட துறையின் பார்வைக்கும் கொண்டு போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்