காய்ச்சல் போன பிறகும் மூளை ஏன் மந்தமாகவே இருக்கிறது? நினைவில் கைவைக்கும் நோய் எதிர்ப்பு மூலக்கூறுகள்

காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிவிட்டது. தெர்மாமீட்டர் 98.4 காட்டுகிறது. ஆனாலும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் வேலை ஓடுவதில்லை. ஒரே மெயிலை மூன்று முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. ஆறு இலக்க ஓடிபி, ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போவதற்குள் மறந்துபோகிறது. "அதான் சரியாகிடுச்சே, இன்னும் என்ன சோம்பல்?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள், ஆபீஸிலும் கேட்கிறார்கள்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. உடல் அசதி, தூக்கக் குறைவு எல்லாம் இதற்குக் காரணம்தான். அதோடு இன்னொன்றும் உண்டு. கிருமியோடு சண்டை போட உடல் அனுப்பும் மூலக்கூறுகளில் சில, மூளையில் நினைவு பதிகிற இடத்திலும் வேலை பார்க்கின்றன. கடந்த 25 ஆண்டுகளில் நரம்பியல் கண்டுபிடித்த முக்கியமான விஷயங்களில் இது ஒன்று.

சினாப்ஸ் என்பது என்ன?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஒரு நியூரான் இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் சந்திப்புதான் சினாப்ஸ். இந்தச் சந்திப்புகள் ஒரே மாதிரி நிலைத்து நிற்பவை அல்ல. தொடர்ந்து பயன்பட்டால் வலுக்கும், பயன்படாவிட்டால் தளரும், சில சமயம் மறைந்தே போகும். இந்த நெகிழ்வுத்தன்மையைத்தான் 'சினாப்டிக் பிளாஸ்டிசிட்டி' என்கிறார்கள். புது மொழி கற்பதும், புது வீட்டுக்குப் போகும் வழி பழகுவதும் இதை நம்பித்தான் நடக்கின்றன.

1973-ல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகிய இருவரும் முயலின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை வேகமான மின்துடிப்புகளால் தூண்டினார்கள். அதன்பின் அங்குள்ள இணைப்புகள் மணிக்கணக்கில் வலுவாகவே இருந்தன. நினைவு எப்படிப் பதிகிறது என்ற கேள்விக்கு இது முக்கியமான துப்பாக அமைந்தது.

நோய் எதிர்ப்புக்கு மூளையில் என்ன வேலை?

ரொம்ப காலம் மூளையை நோய் எதிர்ப்பு மண்டலம் எட்டிப்பார்க்காத தனி அறையாகவே பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. அந்தச் சுவரில் விழுந்த முதல் விரிசல்களில் ஒன்று, அமெரிக்க நரம்பியலாளர் கார்லா ஷாட்ஸின் ஆய்வு. வளரும் மூளையில் பார்வைப் பாதையின் மின்செயல்பாட்டை நிறுத்தினால் எந்த மரபணுக்கள் மாறுகின்றன என்று அவரது குழு தேடியது. 1998-ல் வந்த விடையை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாறியவற்றில் 'எம்எச்சி வகுப்பு 1' மரபணுக்கள் இருந்தன.

எம்எச்சி என்பது ஒவ்வொரு செல்லும் மேலே மாட்டிக்கொண்டிருக்கும் ஐடி கார்டு மாதிரி. அதைப் பார்த்துத்தான் 'டி செல்'கள், ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்திருக்கிறதா என்று அறிகின்றன. இந்த அறிதலைக் கண்டுபிடித்ததற்காக பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் இருவரும் 1996-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஐடி கார்டு நியூரானுக்கு எதற்கு?

2000-ல் அதே குழு, எம்எச்சி சரியாக வேலை செய்யாத எலிகளைச் சோதித்தது. வளர்ச்சியின்போது விலக வேண்டிய பார்வை இணைப்புகள் அவற்றில் முழுதாக விலகவில்லை. ஹிப்போகேம்பஸில் இணைப்பை வலுவாக்கும் திறன் இயல்பைவிடக் கூடுதலாக இருந்தது, தளர்த்தும் திறனோ இல்லை. சேமிக்க மட்டும் தெரிந்து, டெலீட் செய்யத் தெரியாத ஃபோன் மாதிரி. கற்றலுக்கு இரண்டும் வேண்டும்.

பயிர் கலைக்கும் புரதங்கள்

விதை நெருக்கமாக விழுந்தால், முளைத்த பிறகு சில செடிகளைப் பிடுங்கிப் பயிரைக் கலைத்துவிடுவார்கள். மற்றவை செழிக்க அதுதான் வழி. மூளையும் முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கிவிட்டு, பிறகு கலைக்கிறது.

அந்த வேலையில் 'காம்ப்ளிமென்ட்' புரதங்களுக்குப் பங்கு உண்டு என்று பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரஸ் குழு 2007-ல் எலிகளில் காட்டியது. ரத்தத்தில் இந்தப் புரதங்கள் பாக்டீரியாவின் மீது 'இதைத் தின்னு' என்று அடையாளம் ஒட்டுபவை. மூளையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த சி1க்யூ, சி3 ஆகியவை வேண்டாத சினாப்ஸ் நீங்க உதவுகின்றன. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா அவற்றை விழுங்கிவிடுகின்றன.

கலைப்பது அளவு மீறினால்? 2016-ல் ஸ்டீவன் மெக்கரோல் உள்ளிட்டோர் சுமார் 65,000 பேரின் மரபணுத் தகவலை ஆராய்ந்தார்கள். சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதத்தை அதிகம் உண்டாக்கும் மரபணு வடிவங்கள் உள்ளவர்களுக்கு ஸ்கிசோஃப்ரினியா வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. 'சற்று' என்பதை அடிக்கோடிட வேண்டும். அந்த மரபணு உள்ள பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. அதே ஆண்டு இன்னொரு ஆய்வு, அல்சைமர் மாதிரி எலிகளில் ஆரம்பக் கட்டத்திலேயே காம்ப்ளிமென்டும் மைக்ரோகிளியாவும் சினாப்ஸ்களை இழக்கச் செய்வதைக் காட்டியது.

சத்தம் குறைந்தால் வால்யூம் கூடும்

இந்த மூலக்கூறுகள் வெட்டுவதற்கு மட்டும் இருப்பவை அல்ல. டிஎன்எஃப்-ஆல்பா என்ற பெயர் மூட்டுவாத நோயாளிகளுக்குப் பரிச்சயம். வீக்கத்தை உண்டாக்கும் இதைத் தடுக்கத்தான் அவர்களுக்கு ஊசி போடுகிறார்கள். ஆனால் மூளையில் இதற்கு அமைதியான இன்னொரு பணியும் உண்டு. நியூரான்களுக்கு வரும் சிக்னல் நீண்ட நேரம் குறைந்துபோனால், கிளியா எனும் துணை செல்கள் இதைச் சுரக்கின்றன. அதனால் சினாப்ஸில் சிக்னலை வாங்கும் ஏற்பிகள் கூடுகின்றன. டிவி சத்தம் கேட்கவில்லை என்றால் வால்யூமை ஏற்றுகிறோமே, அதே கதைதான். டேவிட் ஸ்டெல்வேகன், ராபர்ட் மலெங்கா 2006-ல் இதை வெளியிட்டார்கள்.

கொஞ்சம் இருந்தால் மருந்து, கூடினால் சிக்கல்

இன்டர்லூகின்-1 கதையும் இப்படித்தான். காய்ச்சலை ஏற்றும் முக்கிய மூலக்கூறு இது. எலி ஆய்வுகளில், சிறிதளவு இருக்கும்போது நினைவு பதிய இது உதவுகிறது. அளவு எகிறினால் சினாப்ஸ் வலுப்படுவதையே தடுக்கிறது.

மனிதர்களிடம் இதற்கு இணையான சாட்சி, ஹெபடைடிஸ் சி-க்கு முன்பு கொடுக்கப்பட்ட இன்டர்ஃபெரான் சிகிச்சை. நோய் எதிர்ப்பு மூலக்கூறு ஒன்றையே ஊசியாகப் போட்டபோது, கணிசமானவர்களுக்கு மனச்சோர்வும் கவனக்குறைவும் வந்தன. அதுவரை மனநலச் சிக்கலே இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள்.

அப்படியானால் வீக்கத்தைத் தடுத்தால் மனச்சோர்வு தீருமா? 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 60 பேரில் ஒரு பாதிக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்தும் மறுபாதிக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ரத்தத்தில் வீக்கத்தின் அடையாளம் அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே சாவி பொருந்தாது என்பதே பாடம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, 'இம்யூனிட்டி பூஸ்டர்' விளம்பரங்களை யோசித்துப் பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்பு என்பது எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்ற கணக்கே தவறு. மூளைக்கு வேண்டியது சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான அளவு. எந்தப் பொடியும் கஷாயமும் அந்த அளவைப் பார்த்து நிறுத்தத் தெரிந்தவை அல்ல.

இரண்டாவது, காய்ச்சல் இறங்கிய நாளையே குணமான நாளாக எண்ணி ஊழியரை முழு வேலைக்கு இழுக்கும் பழக்கம் மாற வேண்டும். இரண்டு நாள் இலகுவான வேலை கொடுப்பதால் எந்த நிறுவனமும் மூழ்கிவிடாது. மந்தம் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

மூன்றாவதுதான் பெரியது. இந்த ஆய்வுகளில் பல எலிகளில் செய்யப்பட்டவை. அவற்றிலிருந்து மனிதர்களுக்கான சிகிச்சைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் ஸ்கிசோஃப்ரினியாவையோ மனச்சோர்வையோ 'மனசு பலவீனம்', 'வளர்ப்பு சரியில்லை' என்று சொல்வதற்கு இனி இடமில்லை. நிமோனியா வந்தவரிடம் யாரும் "உன் மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்வதில்லை. அந்த மரியாதை மனநோயோடு வாழ்பவருக்கும், அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு அடுத்த கண்டுபிடிப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை.