குழிக்கு மூடி போடுங்க, பிள்ளைகளை அடைக்காதீங்க

2025 ஏப்ரல் 29-ஆம் தேதி மதுரை கே.கே.நகர்ல ஒரு தனியார் மழலையர் பள்ளியில நாலு வயசுப் பெண் குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள்ள விழுந்து இறந்துபோச்சு. அதே வருஷம் ஜனவரியில விக்கிரவாண்டியில எல்.கே.ஜி. படிச்ச ஒரு குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள்ள விழுந்து இறந்துச்சு. படிச்சவங்க எல்லாருக்கும் அன்னைக்குச் சோறு இறங்கியிருக்காது. சம்பந்தப்பட்டவங்க மேல வழக்கு, கைது எல்லாம் நடந்துச்சு. நடக்க வேண்டியதுதான்.

ஆனா அதுக்கப்புறம் டவுன்ல இருக்கிற எங்க சொந்தக்காரங்க வாயில கேட்ட பேச்சுதான் எனக்கு உறுத்துது. "பிள்ளைய வெளியவே விட வேணாம்னு மிஸ்கிட்ட சொல்லிட்டோம்ணே." பள்ளிக்கூடமும் சரின்னுருச்சு. அவங்களுக்கென்ன, வேலை மிச்சம்.

இதை எழுதுற நான் மேலூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுறவன். எங்களுக்கும் குழி புதுசு இல்ல. 2019 அக்டோபர்ல மணப்பாறைக்குப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுப் பையன் ஆழ்துளைக் கிணத்துக்குள்ள விழுந்ததை நாலு நாளா டிவி முன்னாடி உக்காந்து பாத்தோமே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் எங்க பக்கம் என்ன செஞ்சோம்? தண்ணி இல்லாம விட்ட போரையெல்லாம் தேடித் தேடி மூடி போட்டோம். பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிட்டு வர்றதை யாரும் நிறுத்தலை. வயல்ல செய்யத் தெரிஞ்ச இந்தக் காரியம் பள்ளிக்கூடத்துல மட்டும் ஏன் தலைகீழா நடக்குது?

தொட்டிக்கு ஒரு இரும்பு மூடி, அதுக்கொரு பூட்டு. பெரிய செலவு இல்ல. வெளிய விடுற நேரத்துல கண்ணு எடுக்காம பாக்க ஒரு ஆள் போடணும் பாருங்க, அதுதான் மாசாமாசம் செலவு. அதனாலதான் கதவைச் சாத்துறது சுலபமா இருக்கு.

அரசு அங்கன்வாடிக்கு வருவோம். நாங்க இன்னமும் பால்வாடின்னுதான் சொல்றோம். அங்கன்னா இந்தியில முற்றம். டவுன்ல கிண்டர்கார்டன்னு போர்டு வைக்கிறாங்களே, அது ஜெர்மன் மொழியில குழந்தைகளோட தோட்டம். 1840-ல ஃப்ரோபெல் வச்ச பேரு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாத்தி கொடுத்துச் செடி வளக்கச் சொன்ன மனுஷன். முற்றம்னும் தோட்டம்னும் பேரு வச்சுட்டு, ரெண்டுலயும் இப்ப பிள்ளைகளை நாலு சுவத்துக்குள்ள உக்கார வச்சிருக்கோம்.

எங்க பக்கம் இது எப்படி வந்துச்சுன்னா, தராசும் சோறும் முதல்ல வந்துச்சு. 1980-ல உலக வங்கிக் கடன்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலா இறங்குனது எங்களுக்கு வடக்கே இருக்கிற கொட்டாம்பட்டி ஒன்றியத்துலதான். மாசாமாசம் பிள்ளைகளை எடை போட்டு, எடை குறைஞ்சவங்களுக்குச் சத்துமாவு கொடுத்தாங்க. 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தாரு. வயிறு காஞ்ச காலத்துல அதுதான் முதல் வேலை, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா விளையாட்டு வரிசையில கடைசிக்குப் போனது போனதுதான், முன்னுக்கு வரவே இல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்துச்சு. பள்ளிக்கூடம்னா விளையாட்டு மைதானம் இருக்கணும்னு அதோட அட்டவணையிலயே இருக்கு. ஆனா அது ஒண்ணாம் வகுப்புல இருந்து எட்டு வரைக்கும். மூணு வயசுப் பிள்ளைக்கு அரசு ஏற்பாடு செய்யலாம்னு பதினோராவது பிரிவுல ஒரு வரி, அவ்வளவுதான். ஓடி ஆடியே வளர வேண்டிய வயசுக்குத்தான் மைதானம் கட்டாயமில்ல!

ஒரு மையத்துல டீச்சர் ஒருத்தர், ஆயாம்மா ஒருத்தர். ஆயாம்மா அடுப்படியில முட்டை அவிச்சுக்கிட்டு இருப்பாங்க. டீச்சர் எடை போடணும், பதிவேடு எழுதணும், 2021-ல இருந்து போஷன் டிராக்கர்னு செல்போன்ல வேற ஏத்தணும். சிக்னல் கிடைக்காது. இதுக்கு நடுவுல இருபது பிள்ளைகளை வெளிய விட்டா, ஒண்ணு ரோட்டுக்குப் போகும், ஒண்ணு நாயைத் தொடப் போகும். முட்டியில சிராய்ப்போட வீட்டுக்குப் போனா, மறுநாள் காலையில பாட்டி வந்து வாசல்ல நிப்பாங்க. டீச்சரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை.

நிலத்தையும் பாருங்க. மையத்தைச் சுத்திப் பாதி இடம் சீமைக்கருவேலம். 2017-ல மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை வெட்டச் சொல்லி உத்தரவே போட்டுச்சு. ஊரெல்லாம் வெட்டினாங்க. வேரோட எடுக்கலைன்னா அது வெட்ட வெட்டத் தழையுற சாதி, திரும்பவும் முள்ளு. கீழ விழுந்து காஞ்ச முள்ளு செருப்பையே துளைக்கும். அதுக்கடியில கட்டுவிரியன் இருந்தாலும் தெரியாது. சித்திரை வெயில்ல பிளாஸ்டிக் சறுக்கு கொதிக்கும். பதினோரு மணிக்கு மேல அதுல கை வச்சுப் பாருங்க, தெரியும்.

வெயிலுக்கு வழி இருக்கு. நாங்க களையெடுக்க எத்தனை மணிக்குப் போறோம்? விடிஞ்சதும் போயி வெயில் ஏறுறதுக்குள்ள கரையேறிருவோம். அந்தக் கணக்குதான் பிள்ளைகளுக்கும். வந்ததும் முதல் ஒரு மணி நேரம் வெளிய, பாட்டும் படமும் பிறகு. இப்ப நடக்குறது நேர் எதிர். சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, வீட்டுக்குப் போற நேரத்துல கொஞ்சம் வெளிய விடுறாங்க.

நிழலுக்கு வேம்பும் புங்கையும் போதும். ரெண்டும் மாசி வாக்குல இலை கொட்டினாலும், சித்திரையில புதுத்தழையோட நிக்கும். வேலி விஷயத்துல மட்டும் கவனம். ஆடு கடிக்காதுன்னு பல பள்ளிக்கூடத்துல அரளி வச்சிருக்காங்க, சில இடத்துல காட்டாமணக்கு. ரெண்டும் விஷம். காட்டாமணக்குக் கொட்டையைத் தின்னுட்டு வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகள் செய்தி அடிக்கடி வருது. நொச்சி வைங்க. ஆடு வாய் வைக்காது, முள்ளும் கிடையாது.

மண்ணுன்னா புழு வரும்னு ஒரு பயம். வரும். அதுக்குத்தான் வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடியில குடற்புழு மாத்திரை கொடுக்குறாங்க. ராத்திரியில நாய், பூனை அசிங்கம் பண்ணாம மணல்மேட்டுக்கு ஒரு தார்ப்பாய் போட்டு மூடணும், விளையாடுன பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவணும். கிச்சு கிச்சு தாம்பாளம் விளையாட ரெண்டு கூடை மணல் இருந்தா ஆச்சு. குச்சி எங்க ஒளிஞ்சிருக்குன்னு நினைச்சு ரெண்டு கையையும் கோத்துப் பொத்துற பிள்ளைக்குப் பின்னாடி பென்சில் பிடிக்கச் சொல்லித் தர்றது பெரிய காரியமில்ல.

நகரத்துல இருக்கிற உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். மாண்டிசோரின்னு போர்டு போட்ட பள்ளிக்கு ஆயிரக்கணக்குல கட்டுறீங்க. அந்த அம்மா ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கொடைக்கானல்ல இருந்தாங்க. அப்ப அது மதுரை ஜில்லா. அங்க பிள்ளைகளோட செடிகொடி, பூச்சி, குளம்னு சுத்தித்தான் பாடம் நடத்தினாங்க. உங்க பள்ளி மாண்டிசோரியில அதுல ஏதாவது இருக்கா? மூணு, நாலு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூணு மணி நேரமாவது உடம்பை அசைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு. தைவான்ல கிட்டப்பார்வையைத் தடுக்க 2010-ல இருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் ரெண்டு மணி நேரம் வெளிச்சத்துல விடச் சொல்றாங்க. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்க்காரங்களுக்கு இதை நான் விளக்க வேணாம்.

ஜூன்ல சேர்க்கைக்குப் போகும்போது ஏ.சி. இருக்கா, சிசிடிவி இருக்கான்னு கேப்பீங்க. கூடவே தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும் எங்க இருக்கு, மூடியைக் காட்டுங்கன்னு கேளுங்க. மேல ஏறி நின்னு பாருங்க. எத்தனை மணிக்கு வெளிய விடுறீங்க, அப்ப யார் பாக்குறாங்கன்னும் கேளுங்க. பதில் சொல்ல முழிச்சா வேற இடம் பாருங்க.

கிராமத்துலயும் காலையில ஏழரை மணிக்கு மஞ்ச வேன் வந்து மூணு வயசுப் பிள்ளைகளை ஏத்திட்டுப் போகுது. அவங்கள்ல பாதிப் பேராவது பால்வாடிக்குத் திரும்பணும்னா அங்க நிழலும் வேலியும் வேணும். எங்க ஊர் மையத்துல பின்பக்கத்துக் கருவேலத்தை ஜேசிபி வச்சு வேரோட எடுக்க நாலு பேர் சேந்து பணம் போடுறதா பேச்சு. நொச்சிப் போத்து என் வரப்புல இருந்து வெட்டித் தர்றேன்னு டீச்சரம்மாகிட்ட சொல்லியிருக்கேன். மழை விழுந்ததும் நடணும். தண்ணி ஊத்துற வேலை பிள்ளைகளுக்கு, ஆளுக்கொரு டம்ளர்.