விண்வெளி வீடு யாருக்குச் சொந்தம்?

தம்பானூர் ரயில் நிலையத்தில் காலையில் இறங்கும் கூட்டத்தில் நாகர்கோவில், குழித்துறையிலிருந்து வேலைக்கு வரும் தமிழ் உழைப்பாளிகளும் உண்டு. அதே நகரின் கடலோரத்தில்தான் தும்பா இருக்கிறது. மீனவ மக்கள் தங்கள் நிலத்தையும் தேவாலயத்தையும் அறிவியலுக்காக விட்டுக்கொடுத்த கிராமம் அது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்துதான் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது.

2022 செப்டம்பர் 3 அன்று தும்பாவில் மற்றொரு சோதனை நடந்தது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் கெவ்லார் துணியாலான அமைப்பொன்றை மடித்து, ரோகிணி ராக்கெட்டில் அனுப்பியது. 84 கிலோமீட்டர் உயரத்தில் வாயு நிரம்பி அது விரிந்தது. காற்றின் தடையால் வேகம் குறைந்து இறங்கியது. மனிதர் தங்கும் விண்வெளி இல்லங்களை அமைக்கவும் இத்தொழில்நுட்பம் உதவும் என்று இஸ்ரோ அறிவித்தது.

ராக்கெட்டின் முகப்புக்கூட்டில் இடம் குறைவு. உலோக அறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு இடத்தை அது அடைக்கும். துணி இல்லமோ மடிந்து சென்று மேலே விரியும். காற்றைக் காக்கும் உறை, அழுத்தம் தாங்கும் நெசவு, விண்கல் துகள்களைத் தடுக்கும் அடுக்குகள் ஆகியவை சேர்ந்ததே அதன் சுவர்.

ஏழை நாட்டுக்கு இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். அறிவியல் வளர்ச்சியை நாம் எதிர்ப்பதில்லை. அதன் பலன் யாருக்குச் சேருகிறது என்பதே நம் கேள்வி.

அமெரிக்க அனுபவம் இதற்குப் பாடம். 1990களில் நாசா பொதுப்பணத்தில் 'டிரான்ஸ்ஹாப்' என்ற விரியும் இல்லத்தை வடிவமைத்தது. 2000இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அப்பணியைத் தடுத்தது. உரிமையைப் பிகலோ என்ற தனியார் நிறுவனம் பெற்றது. அது தயாரித்த 'பீம்' அறைக்கு நாசா 1.78 கோடி டாலர் கொடுத்தது; 2016 மே மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அது விரிந்தது. 2020 மார்ச்சில் அந்நிறுவனம் தன் தொழிலாளர் அனைவரையும் வேலைநீக்கம் செய்தது. மக்கள் பணத்தில் பிறந்த அறிவு முதலாளியின் கைக்குப் போனது. அதை உருவாக்கிய கைகள் தெருவுக்கு வந்தன.

இந்தியாவும் 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிட்டுள்ளது. ஆனால் 2023 விண்வெளிக் கொள்கை, நிலைபெற்ற அமைப்புகளின் உற்பத்தியிலிருந்து இஸ்ரோ விலக வேண்டும் என்கிறது. 2024இல் உதிரிபாக உற்பத்தியில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறக்கப்பட்டது. தும்பாவில் விரிந்த துணியின் அறிவும் நாளை இவ்வழியே போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பொதுப்பணத்தில் உருவான தொழில்நுட்பத்தின் உரிமை பொதுத்துறையிடமே இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்குப் பணி நிரந்தரமும் சம வேலைக்குச் சம ஊதியமும் வேண்டும். தும்பா மக்கள் நிலம் கொடுத்தது நாட்டுக்காக, பங்குச்சந்தைக்காக அல்ல.