விரலுக்கு விலங்கு

தமிழைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே விசைப்பலகையில்தான் எழுத வேண்டும், மற்றவற்றைச் சர்க்கார் தடை செய்துவிட வேண்டும் என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். ராஜபாளையத்துக்காரர், இணையத்தளம் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஒவ்வொரு தளத்தையும் அடியிலிருந்து கட்டாமல், முன்கூட்டியே செய்து வைத்த சட்டகங்களின் மேல் கட்டுகிறார்கள். ரியாக்ட், ஆங்குலர், வியூ என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கின்றன. பையன்கள் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் ஊர் இன்னொன்றுக்கு ஓடிவிடுகிறதாம். அந்தச் சலிப்பைக் கொண்டுவந்து என் விரலின் மேல் இறக்குகிறார்.

சலிப்பு நியாயமானதுதான். ஆனால் நோய் விரலில் இல்லையே!

அவர் ஊர் மில்களையே கேட்கலாம். 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கே ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். நாற்பதாம் நம்பர் நூல் என்றால், 840 கெஜச் சிட்டங்கள் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு நிறை. லங்காஷயரிலும் அதுதான் கணக்கு, ராஜபாளையத்திலும் அதுதான். நூலைக் கண்ணால் பார்க்காமலே ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒருவன் ஆர்டர் கொடுக்கலாம். நூலுக்கு அந்தப் பொதுக் கணக்கு இருப்பதால்தான் தறிக்குச் சுதந்திரம் இருக்கிறது. சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். இன்னோர் ஊரில் வேட்டி, இன்னோர் ஊரில் சேலை. நம்பரைப் பொதுவாக்கிய எந்த முதலாளியும், எல்லாத் தறியும் ஒரே துணியைத்தான் நெய்ய வேண்டும் என்று சொன்னதில்லை.

தமிழ் எழுத்துக்கு நாம் செய்தது இதற்குத் தலைகீழ். கம்ப்யூட்டருக்குள் எழுத்து என்பது ஓர் எண். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதுதான் நூலின் நம்பர், விசைப்பலகை தறி. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு என்ன செய்தது? விசைப்பலகை ஒன்று போதும் என்று 'தமிழ் 99'-ஐத் தேர்ந்தது. எண் வரிசைக்கு மட்டும் டாம், டாப் என்று இரண்டைச் சிபாரிசு செய்தது! கடல் கடந்த தமிழர்கள் வகுத்த டிஸ்கி வேறு தனியே நடந்துகொண்டிருந்தது. போதாதற்கு, எழுத்துரு விற்ற கம்பெனிகள் ஆளுக்கொரு வரிசை வைத்திருந்தன. தறி ஒன்று, நூல் நம்பர் கடைக்கொன்று!

தமிழ் 99-ஐ நான் பழிக்கவில்லை. இந்தக் கட்டுரையையே அதில்தான் அடிக்கிறேன். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அந்த முயற்சிகளுக்கு முன்னோடியாக 1997-ல் சிங்கப்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டிய நா. கோவிந்தசாமி, நம்மைப் போலக் கதை எழுதியவர். ஆனால் எனக்கு வசதியானது எல்லோருக்கும் சட்டமாக வேண்டுமா? ராஜபாளையத்தில் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போய், முதுநிலை பாஸ் செய்து, பழைய டைப்ரைட்டர் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற பெண்ணை, 'விரலை மறந்துவிட்டு வா' என்று சொல்ல நான் யார்? ஆங்கில ஒலியைத் தட்டித் தமிழை வரவழைக்கிற அயல்நாட்டுப் பேரனை விரட்ட நான் யார்? மூவரும் எழுதுவது உள்ளே ஒரே எண்ணாகப் போனால், யார் எப்படித் தட்டினால் என்ன?

அப்படிப் போகாத காலத்தில் பட்ட பாட்டை நான் அறிவேன். 2003-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் வீதிப் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் என் நாவல் ஒன்றை அடித்து வாங்கினேன். சென்னைப் பதிப்பகத்தில் வேறு எழுத்துரு. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான்! இலங்கைத் தமிழரிடம் பரவியிருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதியதை, அந்த எழுத்துரு இல்லாத இயந்திரம் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று காட்டும், அதே கதிதான். முந்நூறு பக்கத்தையும் அங்கே மறுபடி அடித்தார்கள். அச்சாகி வந்தபோது நாயகிக்கு நான்கு இடத்தில் வேறு பெயர். அந்நாளில் இதற்குச் 'சந்தைச் சுதந்திரம்' என்று பெயர்! தன் எழுத்துருவை வாங்கியவன் தன் வாசலை விட்டு நகர முடியாது என்பதில் வியாபாரிக்கு என்ன நஷ்டம்? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துத் தொண்டர்களும், டிஸ்கியில் சேர்த்து வைத்த பழைய நூல்களைப் பின்னால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தராமல், மெய்யையும் குறியையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறது என்பது அதன்மேல் உள்ள குறை. அதற்காக டேஸ் 16 என்ற இன்னொரு வரிசையை வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று, அதை மாற்றாகவும் வைத்துக்கொண்டது. மறுபடியும் இரண்டு! குறையோ நிறையோ, என் கதை இன்று டொராண்டோவிலும் தமிழாகவே திறக்கிறதே, யூனிகோடால்தானே?

நண்பரின் சட்டகங்களுக்கும் இதே வழக்குத்தான். எந்தச் சட்டகத்தில் கட்டினாலும், படிப்பவரின் பிரௌசருக்குப் போய்ச் சேர்வது எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் என்ற பொது நாணயம்தான். அதில் கைவைக்க விடக்கூடாது, சரி. ஆனால் 2012-ல் ஒரு சர்க்கார், 'இனி எல்லோரும் ஆங்குலர்' என்று உத்தரவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2016-ல் அதைச் செய்தவர்களே, பழையதோடு ஒட்டாத புதிய ஆங்குலரை வெளியிட்டார்கள். 2021 முடிவோடு பழையதைக் கைவிட்டார்கள். நாடு முழுவதும் ஒரே நாளில் வீடு மாற வேண்டியிருந்திருக்கும்.

உத்தரவு போடத்தான் வேண்டுமென்றால் வேறு வேலை இருக்கிறது. அந்த டி.டி.பி. கடையின் பழைய கம்ப்யூட்டரில் ஆடிப்பூரத் தேர் நோட்டீஸ்களும், கல்யாணப் பத்திரிகைகளும், அச்சேறாமலே ஆசிரியர் காலமாகிவிட்ட ஒரு நாவலும் கிடக்கின்றன. மாற்றித் தருகிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பது கடைக்காரர் ஒருவருக்குத்தான் ஞாபகம். அவருக்கும் எழுபது வயதாகிறது. ஒரு நூலகரை ஒரு வாரம் அங்கே அனுப்பட்டும். எந்த விசைப்பலகை தெரிந்தவராக இருந்தாலும் சரி.